ஈந்தவர் மேல் குற்றம் உண்டா?

ஈப்போவில் இரத்த தான முகாம் நடந்தால், கடையைக் கணக்கப்பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு நம்மவர் சென்று கொடுத்து வருவது நல்ல வழக்கம். முன்னாளில் ரப்பர்த் தோட்டங்களாயிருந்து இன்று குடியிருப்புகளாகிவிட்ட சுற்றுப்புறங்களிலிருந்தும் பலர் வருகின்றனர். கைம்மாறு கருதாத இத்தானம் எப்போதேனும் பெறுபவருக்குத் தீங்காய் முடியுமானால், ஈந்தவர் குற்றவாளியாவாரா? சற்றே ஆராய்வோம்.

வகை பொருந்துமெனச் சோதித்து ஏற்றிய இரத்தத்தாலும், அபூர்வமாக, ஆறு மணி நேரத்துக்குள் நோயாளியின் நுரையீரலில் நீர் கோத்து மூச்சுத் திணறுவதுண்டு. உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு. 1983இல் அமெரிக்க மருத்துவர் பொப்போவ்ஸ்கி முதலியோர் இதற்குத் தனிப்பெயர் இட்டனர். கொடுத்தவரின் பிளாஸ்மா என்னும் இரத்த நீரிலுள்ள எதிர்ப்புப் பொருள்களே பெரும்பாலும் காரணம். அவை தூண்டிவிட்ட வெள்ளணுக்கள் நுரையீரலின் நுண்குழாய்களைப் புண்படுத்திவிடுகின்றன.

இவை எவரிடம் மிகுதி? பல பிள்ளைகளைப் பெற்ற தாய்மாரிடம். கருவிலுள்ள சிசு தந்தையின் கூறுகளையும் தாங்கியிருப்பதால், தாயின் உடலில் இவ்வெதிர்ப்பு உண்டாகிறது. அதனால் அவளுக்கு நோயில்லை. உள்ளதென்று அவள் அறிவதும் இல்லை. அறியாதவர் மேல் பழி சுமத்துவது நீதியன்று.

ஆயினும், நிய்யத் நல்லது, அதுவே போதும் என்று இருந்துவிடலாமா? வியாபாரிகளாகிய நாம் அறியாததல்ல: குறை தெரியாமல் விற்ற சரக்கும், தெரிந்தே மறைத்து விற்ற சரக்கும் ஒன்றாகா. அறியும்வரை குற்றமில்லை, அறிந்த நாள் முதல் கடமை தொடங்குகிறது. இங்கிலாந்தில் 2003 முதல் பிளாஸ்மாவுக்குப் பெரும்பாலும் ஆண்கள் தந்த இரத்தத்தையே கொள்ளலாயினர். இத்தீங்கும் வெகுவாகக் குறைந்தது. தாய்மார் தந்த சிவப்பணுக்களோ முன்போலவே பிறர் உயிர் காத்தன.

ஆகவே, பிரசவம் பற்றியும், முன்பு ஏற்றிக்கொண்ட இரத்தம் பற்றியும் முகாமில் கேட்டால், உள்ளதை உள்ளபடி சொல்வதும் தானத்தில் ஒரு பங்கே. ‘இப்பகுதி வேண்டாம்’ என்றால் அதை அவமானமாகக் கொள்ளலாகாது. அபூர்வமான தீங்குக்கு அஞ்சிக் கொடுப்பதை நிறுத்துவதும் தகாது. இரத்தமின்றி இறப்போரே அதிகமாவர். நம் வீட்டு நோயாளிக்கு இரத்தம் ஏறும்போது மூச்சு முட்டினால், உடனே தாதியிடம் சொல்வோம்.

தானம் என்பது கொடுப்பவரின் மனநிறைவுக்காக மட்டும் அன்று, பெறுபவரின் நலனுக்காக. அதை மறவாதவரே முழுமையாக ஈந்தவராவார்.