மாறாத பெயரும் மாறிய வாக்கும்

மாறாதவனை உலகம் புகழ்கிறது. கொண்ட கொள்கையை விடாதவன் என்று ஒருவனைச் சொல்லிவிட்டால், அந்தக் கொள்கை எது என்றுகூடக் கேளாமல் தலை வணங்குகிறோம். மாறியவனுக்கோ, அவன் ஏன் மாறினான் என்று விசாரிக்கும் முன்பே 'பச்சோந்தி' என்று பெயர் சூட்டிவிடுகிறோம். இந்த இரண்டு தீர்ப்புகளும் நியாயமானவைதாமா என்று எனக்கு வெகு நாளாகவே ஐயம் உண்டு. அதைத் தெளிவாக எண்ணிப் பார்க்க, நான் கண்ணால் கண்டிராத ஒரு மலைநாட்டின் தேர்தல் கணக்கு எனக்கு உதவியது.

அமெரிக்காவில் கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே, மலைப் பகுதியில், எலியட் கவுண்டி என்று ஒரு சிறு பிரதேசம் இருக்கிறது. கவுண்டி என்பது மாநிலத்துக்கு உட்பட்ட ஒரு நிர்வாகப் பிரிவு. நம் கணக்கில் ஒரு சின்னத் தாலுகா என்று வைத்துக்கொள்ளலாம். அதன் தலைமையிடம் சாண்டி ஹூக் என்ற சிற்றூர். 2020-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் மொத்த ஜனத்தொகையே 7,000-க்குச் சற்று மேல்தான். ஏறக்குறைய எல்லோரும் வெள்ளையர். புகையிலை பயிரிட்டுப் பிழைத்த சிறு குடியானவர்களின் வழிவந்தவர்கள் பலர்.

இந்தக் கவுண்டி 1869-ல் பிறந்தது. 1872-ல் முதல் தடவையாக ஜனாதிபதித் தேர்தலைச் சந்தித்து, ஜனநாயகக் கட்சியின் ஆதரவு பெற்ற ஹொரேஸ் கிரீலியின் பக்கம் நின்றது. அது முதல் 2012 வரை 140 ஆண்டுகள், 36 தேர்தல்கள். ஒரு தடவைகூட அது வேறு கட்சியின் பக்கம் சாயவில்லை. 1972-ல் நிக்சனும் 1984-ல் ரீகனும் ஆளுக்கு 49 மாநிலங்களை வாரிக்கொண்டு போனார்கள். அந்த இரண்டு வெள்ளத்திலும் எலியட் கவுண்டி அசையவில்லை. வெல்கிறவன் பின்னால் ஓடுகிற உலகத்தில், தோற்கிறவனோடு நிற்க ஓர் ஊர் இருந்தது!

பிறகு 2016 வந்தது. நூற்றுக்கு 70 வாக்குகள் குடியரசுக் கட்சியின் டொனால்டு டிரம்புக்குப் போயின. 2020-லும் 2024-லும் அதே கதைதான்.

இது துரோகமா, விழிப்பா?

கதை எழுதுகிறவனுக்கு இதில் ஒரு தொழில் அக்கறை உண்டு. ஒரு பாத்திரம் கடைசி அத்தியாயத்தில் திடீரென்று மனம் மாறினால் வாசகர் கோபித்துக்கொள்வார். விதை எங்கே போட்டீர் என்று கேட்பார். அந்தக் கேள்வியையே இங்கும் கேட்டுப் பார்த்தேன். 2008-ல் பாரக் ஒபாமாவுக்கு இங்கே நூற்றுக்கு 61 வாக்கு. 2012-ல் அவருக்கே பாதிக்குச் சற்றுக் குறைவு. மயிரிழையில்தான் முன்னால் நின்றார். ஆக, முறிவு 2016-ல் வெளியே தெரிந்ததே தவிர, விரிசல் அதற்கு முன்பே விழுந்திருந்தது.

இன்னும் பின்னால் போனால் வேறொரு கேள்வி பிறக்கிறது. அந்த 140 ஆண்டுகளில் மாறாமல் இருந்தது எது?

1872-ல் உள்நாட்டுப் போரின் புண் ஆறவில்லை. விடுதலை பெற்ற நீக்ரோ மக்களுக்குச் சம உரிமை தருவதை எதிர்த்த தென்னாட்டு வெள்ளையரின் கட்சியாக அன்று ஜனநாயகக் கட்சி இருந்தது. 1930-களில் அதே பெயருக்கு வேறு பொருள் வந்தது. ரூஸ்வெல்ட்டின் அரசாங்கம் புகையிலை விளைச்சலுக்கு அளவு வகுத்து, விலைக்குப் பாதுகாப்புத் தந்தது. மின்சாரத்தைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகும் வேலையைத் தொடங்கியது. அப்பொழுது கட்சி என்றால் சோறு, கட்சி என்றால் விளக்கு. 2008-லோ, அதே கட்சி ஒரு கறுப்பரை நிறுத்தியது. வெள்ளையர் நிறைந்த இந்த ஊர் அவரையும் ஏற்றுக்கொண்டது. பெயர்ப்பலகை ஒன்றுதான், உள்ளே இருந்த கடை தலைகீழாகிவிட்டது. இந்த மக்களை 'மாறாதவர்கள்' என்றால், எதில் மாறாதவர்கள்?

கென்டக்கியில் 1891-ஆம் ஆண்டு அரசியல் சட்டம் வரும் வரை, மாநிலத் தேர்தல்களில் பெரும்பாலான இடங்களில் வாய்விட்டுச் சொல்லித்தான் வாக்களித்தார்கள். தகப்பனும் மாமனும் பண்ணைக்காரரும் கேட்டுக்கொண்டிருக்க, இளைஞன் ஒருவன் ஒரு பெயரைச் சொல்லவேண்டும். அவன் சொன்னது கொள்கையா, குடும்ப மரியாதையா, பயமா? மூன்றையும் அவனாலேயே பிரித்துச் சொல்ல முடிந்திராது.

புகையிலைக்கு இருந்த அந்தப் பாதுகாப்பு ஏற்பாட்டை 2004-ல் காங்கிரஸ் முடித்துவிட்டது. ஆனாலும் நான்கு ஆண்டுகள் கழித்து நூற்றுக்கு 61 பேர் பழைய கட்சிக்கே வாக்களித்தார்கள். தண்டவாளத்தில் எஞ்சினைக் கழற்றிய பிறகும் பெட்டிகள் சிறிது தூரம் ஓடுமே, அப்படி. அதற்காக இதை வெறும் பழக்கம் என்று தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை. பாட்டன் வீட்டில் விளக்கேற்றியவனைப் பேரன் மறக்காமலிருப்பது அழகான குணம்தான். ஆனால், செய்ந்நன்றி மனிதருக்கு உரியது, பெயர்ப்பலகைக்கு உரியதா? விளக்கேற்றிய கைக்குப் பட்ட கடனை, அந்தக் கையின் முகவரியில் இன்று குடியிருக்கிறவர் யாராயினும் அவருக்கே செலுத்திக்கொண்டிருக்க வேண்டுமா?

2016-ல் அந்த ஊரைப் பார்த்து நகரத்தார் சிலர் 'நிறவெறி' என்றார்கள். அந்த விஷம் யார் மனத்திலும் இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் ஒபாமாவுக்குக் கிடைத்த 61-ஐ அந்த ஒரு சொல் விளக்காது. வேறு சிலர், 'அடிமைத்தளை அறுந்தது' என்று கொண்டாடினார்கள். தளை அறுந்தவன் அடுத்தடுத்து மூன்று தேர்தல்களில் ஒரே பக்கம் நடப்பானேன் என்று அவர்களையும் கேட்கலாம். புதிய பழக்கமும் பழக்கம்தானே?

எனக்கு நம்பிக்கை தருவது வேறொரு கணக்கு. 2019-ல் கென்டக்கி கவர்னர் தேர்தலில் இதே எலியட் கவுண்டி, ஜனநாயகக் கட்சியின் ஆண்டி பெஷியருக்குப் பெரும்பான்மை தந்தது. வாஷிங்டனுக்கு ஒருவர், சொந்த மாநிலத்துக்கு வேறொருவர்! இதைத் தடுமாற்றம் என்று சிலர் சிரிக்கலாம். எனக்கு அது ஆளைப் பார்த்து, இடத்தைப் பார்த்து, வேலையைப் பார்த்துத் தீர்மானித்ததாகவே படுகிறது. அவர்கள் தீர்மானித்தது சரியா என்பது வேறு வழக்கு. தாங்களே தீர்மானித்தார்கள் என்பது பெரிய செய்தி.

விசுவாசம் என்பது இரண்டு பேர் சம்பந்தப்பட்டது. ஒரு பக்கம் இருப்பவர் போய்விட்ட பிறகும் மற்றவர் தனியே காத்து நின்றால், அதில் துயரம் உண்டு, மேன்மையும் இருக்கலாம். ஆனால் உறவு இல்லை. நாம் கைவிடாமல் வைத்திருக்கும் கட்சி, சங்கம், நட்பு, பழைய கொள்கை எதுவாயினும், 'இன்றைக்குப் புதிதாகத் தேர்ந்தெடுப்பதானால் உன்னைத் தேர்ந்தெடுப்பேனா?' என்று எப்பொழுதாவது அதைக் கேட்டாக வேண்டும். 'ஆம்' என்று பதில் வந்தால், அன்று முதல் அது நம்முடையது. அதுவரை அது பாட்டனுடையதுதான்.