சாம்பலுக்கு அடியில்

ஏப்ரல். கான்சாஸ் மாநிலத்தின் ஃபிளின்ட் ஹில்ஸ் குன்றுகள். நேற்று தீ வைத்த சரிவில் இன்று நடந்தேன். காலடியில் கரி நொறுங்கியது. குனிந்து ஒரு புல்தூரைத் தொட்டேன். மேலே சாம்பல், விரலை உள்ளே விட்டால் ஈரம். பிக் புளூஸ்டெம் புல்லின் குருத்து மண்ணுக்குள் இருக்கிறது. வேர் ஆள் ஆழத்துக்கும் கீழே போகும். தீ எடுத்துக்கொண்டது போன வருடத்துச் சருகைத்தான்.

*

தீ வைப்பவர்கள் முதலில் காற்றைப் பார்க்கிறார்கள். காற்று போய்ச் சேரும் ஓரத்தில் முதலில் கொளுத்தி, எதிர்காற்றில் மெல்ல ஊர விடுகிறார்கள். அங்கே பட்டையாகக் கரிந்த பிறகே மற்ற ஓரங்கள். வேகமாக ஓடிவரும் தீ, கரிந்த பட்டையில் தின்ன ஒன்றும் கிடைக்காமல் அவிந்துவிடுகிறது. காற்று சரியில்லை என்றால் அன்றைக்கு வேலையில்லை. சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விடுகிறார்கள்.

*

இதே குன்றுகளில் கோன்சா பிரெய்ரி என்ற புல்வெளி, 1971-இல் தொடங்கிய ஆய்வு நிலம். சில சரிவுகளை ஆண்டுதோறும் எரிக்கிறார்கள்; சிலவற்றை 2, 4, 20 ஆண்டுகளுக்கு ஒருமுறை. இருபதாண்டுச் சரிவின் முன்தான் நெடுநேரம் நின்றேன். டாக்வுட் புதரும் சீடர் மரமும் ஏறிவிட்டன. புதர் அடர்ந்துவிட்டால் மறுபடி தீ வைத்தாலும் புல் எளிதில் திரும்புவதில்லை. நிழலில் புல் இல்லை, புல் இல்லாத இடத்தில் தீ ஓடுவதில்லை. சும்மா விட்டால் இயற்கை தன்னைப் பார்த்துக்கொள்ளும் என்று நானும் நம்பியவன். ஆனால் இது மனிதக் கை பழகிய நிலம். கான்சா, ஓசேஜ் மக்கள் தலைமுறைகளாகத் தீ வைத்து வளர்த்தது.

*

தீ மட்டும் போதாது. ஆண்டுதோறும் எரித்தால் உயரப்புல் ஓங்கிப் பூச்செடிகளை நெருக்கிவிடும். மேய்ச்சலும் வேண்டும். பைசன் என்ற காட்டெருது புல்லைத்தான் விரும்பித் தின்கிறது, பூச்செடிகளைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அது மேய்ந்த இடத்தில் வெயில் தரைவரை இறங்குகிறது. எரிந்த இடத்தின் தளிரைத் தேடித்தான் அதுவும் வருகிறது.

*

வட அமெரிக்காவில் ஒருகாலத்தில் 17 கோடி ஏக்கர் உயரப்புல் பிரெய்ரி இருந்தது. இன்று மிச்சம் 4 சதவீதத்துக்கும் குறைவு. அதில் பெரும்பகுதி இங்கே இருப்பதற்குக் காரணம், கலப்பை இறங்காத சக்கிமுக்கிக் கல்.

*

விஸ்கான்சினில், மேடிசன் நகரில், உழுது ஓய்ந்த பண்ணை நிலத்தை 1930-களில் பிரெய்ரியாக மீட்கத் தொடங்கினார்கள். கர்ட்டிஸ் பிரெய்ரி என்று பெயர். இன்றும் களைகளோடு போராட்டம் ஓயவில்லை. உழாத நிலத்தைக் காப்பதற்கும் உழுததை மீட்பதற்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று அதை நினைக்கும்போதெல்லாம் மனம் கனக்கிறது. பிரெய்ரிச் செடிகள் பலவற்றின் விதைக்கு ஒரு குளிர்காலத்தின் ஈரக்குளிர் வேண்டும், அதில்லாமல் முளைக்காது. விதைத்தவர் முதல் கோடையில் வந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது களைதான். நாற்றுக்கு வெயில் படட்டும் என்று களையின் தலையை மட்டும் வெட்டுகிறார்கள். நாற்று விரலளவே இருக்கும், வளர்ச்சியெல்லாம் வேரில்.

இரண்டாம் கோடையிலும் ஏறக்குறைய அப்படித்தான்.