கதவின் ஓட்டை வழியே

தையல் கடை ஒன்றுக்காக ஆப் எழுதிக்கொண்டிருந்தேன். மாதிரி ரவிக்கையின் படத்தை அனுப்பினால் தையல் கூலி எவ்வளவு என்று சொல்வார்கள். முதலில் உம்மாவின் போனில் போட்டுப் பார்த்தேன். திறந்ததும் புகைப்படங்களுக்கு அனுமதி கேட்டது. உம்மா உடனே அழுத்திவிட்டார். நான் கட்டம் கட்டமாக அமைத்திருந்த பக்கத்தில் கேலரி முழுவதும் வந்து நின்றது. வீட்டுக்குள் முக்காடில்லாமல் சிரிக்கும் லாத்தா. வங்கிப் பாஸ்புக். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூக்கில் குழாயோடு வாப்பா. உம்மா கொடுக்க நினைத்ததோ ஒரு பச்சை ரவிக்கையின் படம்.

“ஏன் உம்மா அனுமதி கொடுத்தீங்க?”

“கேட்டிச்சு, அழுத்துனேன். அழுத்தலைன்னா உள்ளயே விடாதே வாப்பா.”

இதை அனுமதி என்று எப்படிச் சொல்வது?

பிறர் வீட்டுக்குள் அனுமதி பெற்று, ஸலாம் சொல்லி நுழையச் சொல்கிறது குர்ஆன் (24:27). திரும்பிப் போகச் சொன்னால் போய்விட வேண்டும் என்கிறது அடுத்த வசனம். புகாரி ஹதீஸ் தொகுப்பில் ஒரு சம்பவம் வருகிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் அறைக்குள் ஒருவர் ஓட்டை வழியே எட்டிப் பார்க்கிறார். நபியவர்களின் கையில் தலை கோதும் இரும்புச் சீப்பு. நீ பார்ப்பது தெரிந்திருந்தால் இதனால் கண்ணில் குத்தியிருப்பேன் என்று கடிந்துகொண்டு, அனுமதி கேட்பது விதிக்கப்பட்டதே பார்வையின் காரணமாகத்தான் என்கிறார்கள். அந்த மனிதர் உள்ளே எதைக் கண்டார் என்ற பேச்சே அங்கு இல்லை. கண் வைத்ததே குற்றம்.

“யாரும் உட்கார்ந்து பார்க்கப் போவதில்லை, புரோகிராம்தானே படிக்கிறது” என்பார்கள் எங்கள் தொழிலில். என்னால் ஏற்க முடியவில்லை. ஓட்டையைப் போட்டவன் நான். அந்தப் புரோகிராமின் கண் என் கண்தான்.

வேறு வழியும் இருக்கிறது. 2020-இல் ஐஓஎஸ் 14-உடனும், 2022-இல் ஆண்ட்ராய்டு 13-உடனும் புதிய போட்டோ பிக்கர் வந்தது. படங்களை விரித்துக் காட்டுவது போனின் சிஸ்டம். ஆப்புக்கு அவை தெரியாது. தொட்டுத் தேர்ந்தெடுத்த படம் மட்டும் அதன் கைக்கு வரும். கேலரிக்கு அனுமதி கேட்கவே வேண்டாம். திண்ணையில் நிற்பவருக்கு, உம்மா உள்ளே போய், கேட்டதை மட்டும் எடுத்து வந்து திரைச்சீலைக்கு இப்பால் நீட்டுவாரே, அப்படி.

அந்த வாரமே மாற்றி எழுதினேன். உம்மா பச்சை ரவிக்கையைத் தொட்டார். அது ஒன்றுதான் வந்தது.

ஆப் எழுதும் தம்பி தங்கைகளே, ஒரு படம் போதுமென்றால் ஒரு படத்தை மட்டும் கேளுங்கள்.