விண்ணப்பம் என்ற சொல்

1986-இல் பி.காம். தேர்வு எழுதி முடித்த கையோடு நான் அனுப்பிய முதல் வேலை விண்ணப்பம் இன்றும் வரிக்கு வரி நினைவிருக்கிறது. கோவை காந்திபுரத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் காசு கொடுத்து அடித்து வாங்கியது. தாழ்மையுடன் தொடங்கி, அப்பா இல்லாத குடும்பம், படிக்கும் தங்கை, வாடகை வீடு என்று வரிசையாகச் சொல்லி, எந்த வேலையானாலும் செய்வேன் என்று முடியும். கம்பெனியின் பெயர் வரவேண்டிய இடத்தை மட்டும் காலியாக விட்டு நாற்பது ஜெராக்ஸ் எடுத்தேன். அந்த இடத்தைப் பேனாவால் நிரப்பி நாற்பது முகவரிகளுக்கு அனுப்பினேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்த அட்டை டிரங்குப் பெட்டியில் பத்திரமாக இருந்தது. வேலை தேடுவதற்கு இதற்கு மேல் ஒன்றும் இல்லை என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரே ஓர் இடத்திலிருந்து கூப்பிட்டார்கள். கணபதி பக்கம் மோட்டார் பம்ப் செய்யும் தொழிற்சாலை. வெள்ளை வேட்டியும் அரைக்கைச் சட்டையுமாக ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். என் கடிதத்தை மேசைமேல் விரித்து வைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, உங்க வீட்டுக் கஷ்டமெல்லாம் இதுல இருக்குது. நாங்க இங்க என்ன பண்றம்னு தெரியுமா?"

எனக்குத் தெரியவில்லை. முகவரியைத் தொலைபேசி டைரக்டரியில் பார்த்து எழுதியிருந்தேன், அவ்வளவுதான். அவர் கடைசி வரியில் விரலை வைத்தார். "எந்த வேலையானாலும்னு போட்டிருக்கீங்க. அப்படி ஒரு வேலை எங்ககிட்ட இல்லீங்க தம்பி."

கடுமையாகச் சொல்லவில்லை. டீ வரவழைத்துக் குடிக்கச் சொல்லித்தான் அனுப்பினார். ஆனால் பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது எனக்கு அழுகை வந்தது. அவர் சொன்னதன் முழுப் பொருளும் புரியப் பல ஆண்டுகள் ஆயின. அந்தக் கடிதத்தில் அவர்களும் இல்லை, நானும் இல்லை. என் வறுமை மட்டும்தான் இருந்தது.

ஆறு மாதம் கழித்து ஒரு ஃபவுண்டரியில் ஸ்டோர்ஸ் கிளார்க்காகச் சேர்ந்தேன். அதற்கு எழுதிய கடிதம் எட்டே வரி. எழுதுவதற்கு முன் மூன்று நாள், ஷிஃப்ட் விடும் நேரத்தில், அந்த வாசல் டீக்கடையில் போய் நின்றேன். என்ன வார்க்கிறார்கள், யாருக்குப் போகிறது, ஸ்டோர்ஸில் எதற்குச் சத்தம் கேட்கிறது என்று வந்தவர்களிடம் விசாரித்தேன். "எழுதின கணக்கும் இருக்கிற சரக்கும் ஒத்துப்போறதே இல்லீங்க" என்றார் ஒரு மோல்டர். நான் படித்த காலத்தில் மாமாவின் மளிகைக் கடையில் இரண்டு ஆண்டு இருப்புக் கணக்கு பார்த்தவன். மாதக் கடைசியில் மூட்டையை எண்ணி ஏட்டோடு ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் காரணம் கண்டுபிடிக்கும்வரை மாமா வீட்டுக்கு விடமாட்டார். அதை எழுதினேன். வறுமையைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. வறுமை அப்படியேதான் இருந்தது.

பிற்பாடு அதே ஃபவுண்டரியில் பணியாளர் பிரிவுக்கு மாற்றினார்கள். ஓய்வு பெறும்வரை மற்றவர்கள் எழுதிய விண்ணப்பங்களைப் படிப்பதே என் வேலையாயிற்று. மேசையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் என்பதால்தான் இதை எழுதத் துணிகிறேன்.

விண்ணப்பம் என்றதும் நமக்குள் ஒரு கூனல் விழுந்துவிடுகிறது. மனு, முறையீடு, கருணை, தயவு. அரசனிடமும் ஆண்டவனிடமும் குறை சொல்லிக் கேட்பது என்ற பொருள் அந்தச் சொல்லுக்கு உண்டுதான். ஆனால் இன்னொரு பொருளும் உண்டு. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் ராஜராஜ சோழன் தேவாரம் பாட நியமித்தவர்களின் பட்டியல் இருக்கிறது. பாடுபவர் 48 பேர், உடுக்கை வாசிப்பவர் ஒருவர், கொட்டிமத்தளம் ஒருவர். ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று குறுணி நெல். அவர்களுடைய வேலைக்குக் கல்வெட்டு தரும் பெயர் 'திருப்பதியம் விண்ணப்பம் செய்தல்'. ஸ்ரீரங்கத்தில் பாசுரம் பாடும் அரையர்களுக்கும் 'விண்ணப்பம் செய்வார்' என்ற பெயர் வழங்கியிருக்கிறது. அவர்கள் கையேந்தி நின்றவர்கள் அல்லர். கற்ற கலையைப் பெரிய சந்நிதியில் எடுத்து வைத்தவர்கள். அந்த எடுத்துவைத்தலுக்குத்தான் விண்ணப்பம் என்று பெயர்.

அந்தக் கல்வெட்டு இன்னொன்றும் சொல்கிறது. ஐம்பது பேரில் ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ நெருங்கிய உறவினர் அந்த இடத்துக்கு வரலாம். ஆனால் அவருக்குத் தகுதி இல்லையென்றால் தகுதியுள்ள வேறொருவரைக் கொண்டு பாட வைக்க வேண்டும். உறவினரே இல்லையென்றால் மற்றப் பாடகர்கள் கூடித் தகுதியுள்ளவரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஆயிரம் ஆண்டுக்கு முன்னாலேயே காலியிடம் என்றால் கவலைதான். ஆனால் அந்தக் கவலை யாருடையது? கோயிலுடையது. பாட ஆள் இல்லாவிட்டால் அங்கே பாட்டு நின்றுபோகும். வேலை தேடும்போது நாம் மறந்துவிடுவது இதைத்தான். எனக்கு வேலை இல்லை என்பது என் குறை. இந்த இடம் காலியாக இருக்கிறது என்பது அவர்களுடைய குறை. இரண்டு குறைகள் ஒன்றையொன்று தேடிக்கொண்டிருக்கின்றன. இதில் ஒருவர் மட்டும் ஏன் குனிய வேண்டும்?

வேலை கேட்டு எழுதிய கடிதங்களில் நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பவை ராமானுஜன் எழுதிய இரண்டு. கணித மேதையின் கதை எல்லோருக்கும் தெரியும். அந்த மனிதர் வேலை தேடி அலைந்த கதையை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. கும்பகோணம் கல்லூரியில் உதவித்தொகையை இழந்தவர். பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்து எஃப்.ஏ. தேர்வில் தோற்றவர். கணக்கைத் தவிர மற்றப் பாடங்கள் அவரைக் கவிழ்த்துவிட்டன. 1910-இல், நோட்டுப் புத்தகங்களோடு திருக்கோவிலூருக்குப் போய், டெபுடி கலெக்டராக இருந்த ராமசாமி ஐயரிடம் தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை கேட்டார். இந்தியக் கணிதக் கழகத்தைத் தொடங்கியவர் இந்த ராமசாமி ஐயர்தான். நோட்டுப் புத்தகத்தைப் புரட்டியவர், இப்படிப்பட்டவரைத் தாலுகா ஆபீசில் போட்டு அமுக்க மனம் வராமல், சென்னையில் கணிதம் தெரிந்த நண்பர்களுக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். எந்தக் கதவைத் தட்டுவது என்பதை ராமானுஜன் யோசித்திருக்கிறார். வேலை கொடுக்கக்கூடிய அதிகாரிகள் எத்தனையோ பேர் இருந்தார்கள். அவர் போனது தன் நோட்டுப் புத்தகத்தைப் படிக்கத் தெரிந்த அதிகாரியிடம்.

பிறகு அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் சில வாரம் தற்காலிக வேலை, மாதம் இருபது ரூபாய். 1912 பிப்ரவரி 9 அன்று, திருவல்லிக்கேணியில் தங்கியிருந்த வீட்டிலிருந்து, சென்னைத் துறைமுகக் கழகத்துக்கு விண்ணப்பம் எழுதினார். சில வரிகள்தாம். மெட்ரிகுலேஷன் தேறியதையும் எஃப்.ஏ. வரை படித்ததையும் சொல்கிறார். சில எதிர்பாராத சூழ்நிலைகளால் மேற்கொண்டு படிக்க முடியவில்லை என்று ஒப்புக்கொள்கிறார். அதன்பின் முழு நேரமும் கணிதத்தில் ஈடுபட்டு அதை வளர்த்து வருவதாகச் சொல்கிறார். இந்த வேலையைச் சரியாகச் செய்வேன் என்ற நம்பிக்கை தனக்கு இருப்பதாகச் சொல்கிறார். பிரசிடென்சி கல்லூரிக் கணிதப் பேராசிரியர் மிடில்மாஸ்ட் எழுதிய பரிந்துரையை இணைத்திருக்கிறார். அந்தக் கால ஆங்கில வழக்கப்படி தாழ்மைச் சொற்கள் முன்னும் பின்னும் இருக்கின்றன. நடுவில் இருப்பது நிமிர்ந்த பேச்சு. தோல்விக்கு ஒரு வாக்கியம், அதற்குப்பின் செய்ததற்கு ஒரு வாக்கியம், இனிச் செய்யப்போவதற்கு ஒரு வாக்கியம். மார்ச் 1-ஆம் தேதி வேலையில் சேர்ந்தார். மாதம் முப்பது ரூபாய்.

பத்து மாதம் கழித்து, 1913 ஜனவரி 16 அன்று, அதே கை இன்னொரு கடிதம் எழுதியது. இந்த முறை கேம்பிரிட்ஜுக்கு, கணிதவியலாளர் ஹார்டிக்கு. துறைமுகக் கழகத்தில் கணக்குப் பிரிவு குமாஸ்தா, ஆண்டுச் சம்பளம் இருபது பவுண்டுதான், பல்கலைக்கழகப் படிப்பு இல்லை என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தேற்றங்களை வைத்தார். துறைமுகத்துக்கு எழுதியபோது தேற்றம் ஒன்றையும் எழுதவில்லை. அங்கே கணக்கு எழுத ஆள் தேவை. இங்கே புதுக் கணிதம் காணக் காத்திருக்கும் கண் இருந்தது. ஆள் மாறவில்லை, ஒரு பொய்யும் சேர்க்கவில்லை. யார் படிக்கப் போகிறார், அவருக்கு என்ன தேவை என்பது மட்டும் மாறியது. ஒருவர் தன்னை எத்தனை விதமாக எடுத்து வைக்கலாம், எவ்வளவு உண்மையாக எடுத்து வைக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று நான் பார்த்ததில்லை.

என் மேசைக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை என் நாற்பது ஜெராக்ஸின் உடன்பிறப்புகள். கடின உழைப்பாளி, குழுவாக இயங்கக்கூடியவர், எதையும் விரைவில் கற்றுக்கொள்பவர். இந்த மூன்றையும் எழுதாத பயோடேட்டா அபூர்வம். எழுதியவரின் முகம் எதிலும் தெரியாது. "லேத்தில் நான்கு ஆண்டு. கடைசி ஆறு மாதம் என் மெஷினில் ரிஜெக்‌ஷன் குறைந்தது, காரணம் டூலை எப்போது மாற்றுவது என்று நோட்டில் குறித்து வந்தேன்" என்று ஒரு டர்னர் எழுதியிருந்தார். தமிழில், கோடு போட்ட தாளில். அந்தத் தாளைப் பிடித்துக்கொண்டு நான் எழுந்தே நின்றுவிட்டேன்.

இன்னொரு கடிதத்தையும் சொல்ல வேண்டும். கணக்குப் பிரிவு வேலைக்கு ஒரு பெண்மணி எழுதியது. நடுவில் ஏழு ஆண்டு இடைவெளி. மற்றவர்கள் இப்படி ஓர் இடைவெளி இருந்தால் ஆண்டுகளைக் கலைத்துப் போட்டு மறைப்பார்கள், அல்லது இல்லாத கம்பெனி ஒன்றை உண்டாக்குவார்கள். அவர் நேராக எழுதியிருந்தார்: மாமியார் படுத்த படுக்கையாக இருந்தார், நான் பார்த்துக்கொண்டேன், கடைசி இரண்டு ஆண்டில் மாலை வகுப்பில் டேலி படித்தேன், தெருவில் இரண்டு கடைகளுக்குக் கணக்கு முடித்துக் கொடுக்கிறேன். அந்த இரண்டு கடைக்காரர்களிடமும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு அவர்களுடைய எண்ணையும் கொடுத்திருந்தார். நான் போன் செய்தபோது இருவருமே என் அழைப்பை எதிர்பார்த்திருந்தார்கள். நேர்காணலில் பழைய கம்பெனியைப் பற்றிக் கேட்டோம். அங்கே அவருக்கு நல்லது நடக்கவில்லை என்று எனக்கு வேறு வழியில் தெரியும். அவர் அங்கே கற்ற வேலையை மட்டும் சொன்னார். ஒருவரை நம்பலாமா என்பது இப்படிப்பட்ட இடங்களில்தான் தெரியும்.

இன்றைக்கு வேலை தேடுவது போனுக்குள் வந்துவிட்டது. நவுக்ரி என்ற வேலைவாய்ப்பு இணையதளம் தொடங்கிய 1997-க்கும் இன்றைக்கும் இடையே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரே இரவில் நூறு இடத்துக்கு விண்ணப்பம் போகும். கடிதத்தைக் கம்ப்யூட்டரே எழுதும், அந்தப் பக்கம் கம்ப்யூட்டரே வடிகட்டும். பிள்ளைகள் என்னிடம் வந்து, "இருநூறு இடத்துக்குப் போட்டுட்டேன் மாமா, ஒண்ணுமே வரல" என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, நாற்பது ஜெராக்ஸ் எடுத்தவன் நான். ஆனால் கேட்பேன்: அந்த இருநூறில் எத்தனை இடத்தில் என்ன வேலை நடக்கிறது என்று தெரியும்? அங்கே வேலை செய்யும் ஒருவரிடமாவது பேசினாயா? பத்து இடத்தை எடுத்துக்கொள், ஓர் இடத்துக்கு இரண்டு நாள் கொடு, அவர்கள் விளம்பரத்தில் கேட்டிருப்பதை வரி வரியாகப் படித்து, அதில் நீ நிஜமாகச் செய்திருப்பதை மட்டும் எழுது என்பேன். அனுப்புமுன் போன் நம்பரைச் சரிபார்த்துக்கொள் என்றும் சொல்வேன். நம்பர் மாறிப்போனதால் கூப்பிட முடியாமல் நாங்கள் இழந்த நல்ல ஆட்கள் உண்டு.

குனிந்து கேட்பதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. கேட்பது பிச்சை என்று நம்பியவர், கொடுப்பவர் எதைக் கேட்டாலும் கொடுக்கத் தயாராகிவிடுகிறார். பதிவுக் கட்டணம், டெபாசிட், பயிற்சிக்கு முன்பணம் என்று நகையை அடகு வைத்துக் கட்டியவர்களை எனக்குத் தெரியும். அசல் சான்றிதழைக் கொடுத்துவிட்டு வாங்க முடியாமல் தவித்தவர்களையும் தெரியும். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி என்று நம்பிப் போய், மியான்மரிலும் கம்போடியாவிலும் இணைய மோசடிக் கும்பல்களிடம் சிக்கியவர்களில் நம் தமிழ்ப் பிள்ளைகளும் உண்டு. தன் வேலைக்கு விலை உண்டு என்று தெரிந்தவர் இந்தத் தூண்டிலில் அவ்வளவு எளிதில் மாட்டமாட்டார்.

இவ்வளவு செய்தும் கிடைக்காமல் போகலாம். ஹார்டிக்கு முன் கேம்பிரிட்ஜில் வேறு இருவருக்கு ராமானுஜன் எழுதினார் என்றும் அவர்கள் உதவவில்லை என்றும் வரலாறு சொல்கிறது. அவர்களுக்குப் போன தேற்றங்கள் மட்டமானவையாக இருந்திருக்க முடியாது. வேலை கிடைக்காத ஒவ்வொருவரும் தகுதி இல்லாதவர் என்றால் உலகம் எவ்வளவு எளிதாக இருக்கும்! அந்த இடத்துக்கு முன்பே ஆள் பார்த்திருக்கலாம், முதலாளி மனம் மாறியிருக்கலாம், உங்கள் தாள் எவர் கண்ணிலும் படாமலே போயிருக்கலாம். சந்நிதியில் எடுத்து வைப்பது ஒருவர் கடமை. கேட்பது எதிரே இருப்பவர் கடமை. இரண்டாவது தவறினால் முதலாவது வீணென்று ஆகாது.

அதனால் கடைசியாக நான் பேச வேண்டியது, வேலை தேடுபவர்களிடம் அல்ல. மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களே, உங்களிடம். என் நாற்பது கடிதங்களில் முப்பத்தொன்பதுக்குப் பதிலே வரவில்லை. தபால்காரர் வரும் நேரத்துக்கு அம்மா திண்ணையில் போய் உட்காருவார். ஹார்டி 1913 பிப்ரவரி 8 அன்று பதில் எழுதினார். யாரென்றே தெரியாத ஒரு குமாஸ்தாவுக்கு, மூன்றே வாரத்தில். இன்று உங்களுக்கு வந்திருக்கும் விண்ணப்பங்களில் எடுக்க முடியாதவர்களுக்கு இரண்டு வரி எழுதிப் போடுங்கள். இல்லை என்றாவது சொல்லுங்கள்.