எந்தக் காரியாலயம்?

சிங்கப்பூரில் சட்டம் பயின்ற நம் வாலிபர்கள், இரு பெரிய வழக்கறிஞர் காரியாலயங்களின் அழைப்புக் கடிதங்களுடன் வந்து நம்மிடம் யோசனை கேட்கின்றனர். ட்ரூ அண்ட் நேப்பியர் 1889-லும், ஆலன் அண்ட் கிளெட்ஹில் 1902-லும் தோன்றியவை. இத்தகைய இடங்களைப் பழம்பெருமை கொண்டு நிறுத்தால் தராசு அசையாது.

2024 முதல் தேர்வெழுதுவோருக்குப் பயிற்சிக் காலம் ஆறு மாதமல்ல, ஓராண்டு. அந்த ஓராண்டும் எவர் மேசையருகில் கழியும்? கட்சிக்காரர் தமக்குப் பாதகமான பத்திரத்தை மறைக்கச் சொல்லும்போது அந்த மூத்தவர் ‘கூடாது’ என்கிறாரா, மௌனம் சாதிக்கிறாரா? வாலிபர் கற்கும் முதற்பாடம் அதுவே. முன்பு அவரிடம் பயின்றவர்களைத் தேடி விசாரிக்கலாமே! நாணுவானேன்? பெண் பார்க்கப் போகுமுன் நாலு வீட்டில் விசாரிப்பவர்கள்தாமே நாம்!

விசாரித்தபின் சம்பளம் குறைந்த கடிதத்தையே ஏற்றாலும் நாம் குறை கூறோம். பெற்றோர் கூறக்கூடும், அவர்களிடம் நாமே வந்து பேசுகிறோம்.