431

2018-இல் ஷாங்காய் போனபோது ஒரு படம் எடுத்தேன். ரயில் பெட்டிக் கதவின் மேலே மின்னிய எண்: 431. மணிக்கு அத்தனை கிலோமீட்டர். பெட்டியில் பாதிப் பேர் எழுந்து நின்று அதையேதான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஜன்னல் பக்கம் யாரும் திரும்பவில்லை, நானும்தான்.

புடோங் விமான நிலையத்திலிருந்து லோங்யாங் ரோடு வரை 30 கிலோமீட்டர் ஓடும் மேக்லெவ் அது. சக்கரம் உருள்வதில்லை. பெட்டியின் அடிப்பாகம் பாதையின் விளிம்பைச் சுற்றி வளைந்திருக்கிறது. அங்குள்ள மின்காந்தங்கள் பாதையை நோக்கி மேலே இழுக்க, சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் பெட்டி மிதக்கிறது. நுட்பம் ஜெர்மனியுடையது. ஆனால் மியூனிக் விமான நிலையத்துக்கு இப்படியொரு ரயில் விட நினைத்த ஜெர்மனி, செலவைப் பார்த்து 2008-இல் கைவிட்டுவிட்டது.

எதிர் ரயில் கடந்தபோது ‘டப்’ என்று ஓர் அறை. எல்லோரும் திடுக்கிட்டுச் சிரித்தோம். அதற்குள் வேகம் குறையத் தொடங்கிவிட்டது.

ஐந்து வருடம் கழித்து அதே ரயில். எண் 300-ஐத் தொட்டது, அப்படியே நின்றது. காத்திருந்தேன். ஏறவில்லை. 2021 முதல் இவ்வளவுதான் என்று பிறகு தெரிந்தது. 50 யுவான் கொடுத்து ஏமாந்த மாதிரி ஒரு கசப்பு.

நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். முன்பு ஏழரை நிமிடத்துக்குள் போனது, இப்போது எட்டு நிமிடம் சொச்சம். போனது ஒரு நிமிடம்கூட இல்லை. அன்று 431-ஐப் பிடிக்கவும் அதிலிருந்து குறைக்கவுமே ரயில் பாதித் தூரத்துக்கு மேல் தின்றுவிட்டது. நடுவில் அந்த உச்சத்தில் ஓடியது கொஞ்ச நேரம்தான். அப்படியானால் எனக்கு எதில் நஷ்டம்? மிச்சமாகும் நேரத்தின் மேல் எனக்கு அப்படியொன்றும் ஆசை இருந்ததில்லை. இருந்திருந்தால் அதே விமான நிலையத்தில் பெட்டி வரும் பெல்ட் அருகே ஃபோனை நோண்டியபடி அரை மணி நேரம் நின்றிருப்பேனா? ஊருக்குத் திரும்பிச் சொல்ல ஓர் எண் வேண்டியிருந்தது. அதுதான் பறிபோனது.

லோங்யாங் ரோடு நகரத்தின் நடுவே இல்லை. அங்கே இறங்கி இரண்டாம் எண் மெட்ரோவுக்கு மாற வேண்டும். பெட்டியைத் தூக்கிப் பாதுகாப்புச் சோதனை இயந்திரத்தில் வைத்து, மறுபக்கம் எடுத்து, டிக்கெட் வாங்கும் திரையில் தடுமாறி, பின்னால் நின்றவர் விரல் நீட்டி உதவி... மிதந்து வந்த நிமிடங்களைவிட இதற்கு நேரம் அதிகம். ஆனால் அந்த ஊரில் ஒரு மனிதர் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது அங்கேதான்.

ராத்திரி மகன் அழைத்தான். முன்பு 431 படத்தைப் பள்ளிக்கூடம் முழுக்கக் காட்டியவன்.

“அப்பா, அந்த ரயில்ல போனியா? எவ்ளோ ஸ்பீடு?”

“முந்நூறுடா.”

“அவ்ளோதானா?”