கன்றைக் காப்பாற்றியது குற்றமா?

ஓல்ட் ஃபெயித்ஃபுல் வெந்நீர் ஊற்று பீறிடுவதைப் பார்த்துவிட்டு வடகிழக்கே காரை விட்டால் லாமர் பள்ளத்தாக்கு வரும். அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் பைசன் மந்தைகள் சாலையையே மறித்து நிற்கும் பகுதி அது.

2023 மே மாதம் அங்கே ஆற்றைக் கடக்கையில் ஒரு பைசன் கன்று தாயைப் பிரிந்து தவித்தது. பயணி ஒருவர் அதைக் கரைக்குத் தள்ளிவிட்டார். மந்தை கன்றைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அது கார்களையும் மனிதர்களையும் சுற்றிச் சுற்றி வந்தது. கடைசியில் பூங்கா ஊழியர்களே அதைக் கொன்றார்கள். பயணிக்கு அபராதம்.

இரக்கம் குற்றமா? இயற்கையில் தலையிடாதே என்கிறது பூங்கா. ஆனால், 1926-க்குள் அங்கிருந்த ஓநாய்களைக் கொன்று தீர்த்ததும், 1995-ல் கனடாவிலிருந்து 14 ஓநாய்களைக் கொண்டுவந்ததும் மனிதர்கள்தானே!

இரண்டும் ஒன்றல்ல. ஓநாய்களை மீட்டது பல ஆண்டு யோசித்துச் செய்த பரிகாரம். கன்றைத் தள்ளியவரோ தன் மனத்தவிப்பைத்தான் தணித்துக்கொண்டார். மனம் தவித்தாலும், பைசனிடமிருந்து குறைந்தது 23 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்பது அங்குள்ள விதி.